செலவில்லா நாளின் வரவு

மாதத்தின் இருபதாம் நாளுக்குப் பிறகுதான் பல வீடுகளில் பணத்தைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. சம்பளம் வந்த முதல் வாரத்திலேயே வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் மின்கட்டணமும் தத்தம் பங்கைப் பெற்றுக்கொண்டு போய்விடுகின்றன. அவை பெரிய செலவுகள். அவற்றின் பெயரும் தெரியும், தொகையும் தெரியும். எஞ்சிய பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் கணவருக்கும் விடை தெரிவதில்லை, மனைவிக்கும் தெரிவதில்லை. அவர்கள் ஊதாரிகள் அல்லர், நகை வாங்கவில்லை, வெளியூர்ப் பயணம் போகவில்லை. ஆயினும் பை காலியாகிவிட்டது. பெயரில்லாத செலவுகள் அதைத் தின்றுவிட்டன.

பெயரில்லாத இச்செலவுகளைக் கண்டுபிடிக்கும் வழிகளுள் ஒன்றுதான் செலவில்லா நாள். வாரத்தில் ஒரு நாளையோ இரண்டு நாள்களையோ முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்நாளில் எப்பொருளையும் விலை கொடுத்து வாங்காதிருப்பதே அதன் முறை. வாடகை, கட்டணங்கள், வேலைக்குச் செல்லும் பயணச் செலவு, மருந்து ஆகியவை இதில் அடங்கா. அவை முன்னரே முடிவான செலவுகள். அவற்றை நிறுத்த முனைவது அறிவுடைமை ஆகாது. கடையைக் கண்டதும் எழுகின்ற ஆசை, கை தானாகச் செய்கின்ற பழக்கம், களைப்பு வந்தபோது தேடுகின்ற சிறு ஆறுதல் என்பனவற்றுக்கே அந்நாளில் விடுமுறை.

இம்முறை அண்மைக் காலத்தில் மேல்நாடுகளில் பரவலாகப் பேசப்படுகிறது. 1992 ஆம் ஆண்டில் கனடாவில், எதையும் வாங்காத நாள் என ஒரு நாளைக் குறித்து, மிகுநுகர்ச்சிக்கு எதிரான இயக்கமொன்று தோன்றியது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, 1904 ஆம் ஆண்டில், ஜப்பானியப் பெண் இதழாளர் ஹானி மோத்தோகோ இல்லத்தரசிகளுக்கென ஒரு குடும்பக் கணக்கேட்டை வகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு செலவையும் எழுதிப் பார்க்கும் பழக்கத்தை அவ்வேடு வீடுதோறும் வளர்த்தது. பெயர்கள் வேறாயினும் இவற்றின் உட்கருத்து தமிழர் வீடுகளுக்குப் புதியதன்று.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வீட்டிலிருந்து பணத்தை வெளியே கொடுக்கலாகாது என்று பாட்டிமார் கண்டித்த காலம் ஒன்று உண்டு. விளக்கு வைத்த பிறகு பணத்தையும் உப்பையும் பிறருக்கு எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். திருமகள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பது அவர்கள் கூறிய காரணம். அக்காரணத்தை இன்றைய தலைமுறை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் அவ்வழக்கத்தினால் வாரத்தில் இரண்டு நாள்கள் பணப்பெட்டியைத் திறக்குமுன் கை சற்றுத் தயங்கியது. ‘இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்னும் அத்தயக்கம் எத்தனையோ வீண் செலவுகளைத் தடுத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பிடியரிசி வைக்கும் வழக்கமும் இத்தகையதே. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டு எஞ்சியதைச் சமைப்பார்கள். ஒரு பிடி குறைந்ததை உண்பவர் எவரும் உணர்வதில்லை. மாத முடிவில் அப்பானை, வறியவர் வீட்டுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ, தட்டுப்பாடு வந்தால் அந்த வீட்டுக்கேயோ உதவும். உண்ட பிறகு மிஞ்சியதைச் சேமிப்பது அவ்வழக்கமன்று. உண்பதற்கு முன்பே எடுத்து வைப்பது. இந்த வேறுபாட்டில்தான் சேமிப்புக் கலையின் மூலபாடம் அடங்கியிருக்கிறது.

மலாயாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த பாட்டாளிகள் பணத்தைத் தொடாத நாள்கள் பல இருந்தன. ஆனால் அவற்றைச் செலவில்லா நாள்கள் என்று எண்ணிவிடுதல் பிழையாகும். சம்பள நாளில் மட்டுமே பணத்தைக் கண்டவர்கள் அவர்கள். இடைப்பட்ட நாள்களில் அரிசியும் பருப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் மளிகைக் கடையிலிருந்து கணக்கில் வந்தன. அட்டையில் 555 என்று அச்சிடப்பட்ட சிறு குறிப்புப் புத்தகத்தில் கடைக்காரர் தொகையை எழுதிக்கொள்வார். கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. ஆனால் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே இருந்தது. எழுத்தறியாத பெற்றோருக்காக, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அப்புத்தகத்தை விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்த வீடுகளும் இருந்தன. வகுப்பறையில் கற்ற கூட்டல் கணக்கு வீட்டுக்குப் பயன்பட்ட முதல் இடம் அதுவாகவே இருந்திருக்கும்.

பணத்தைத் தொடாதிருப்பது வேறு, செலவு செய்யாதிருப்பது வேறு என்பதை அந்த 555 புத்தகம் தெளிவாகக் காட்டிற்று. அன்று தோட்டத்து லயங்களில் காணப்பட்ட அதே நிலை இன்று மாநகரத்து அடுக்குமாடி வீடுகளில் புதுக்கோலம் பூண்டு நிற்கிறது. சிங்கப்பூரில் 2017 ஆம் ஆண்டில் பேநவ் முறை தொடங்கியது. மலேசியாவில் டூயிட்நவ் முறையும் மின்பணப் பைகளும் பரவின. இன்று இரவுச் சந்தையில் வாழைப்பழப் பொரியல் விற்பவரும் ஒரு கட்டக் குறியீட்டை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கைப்பேசியைக் காட்டினால் போதும், பணம் போய்விடும். வாங்குவதை இப்போது வாங்கிக்கொண்டு விலையைத் தவணையில் பின்னர்ச் செலுத்தும் ஏற்பாடுகளும் வந்துவிட்டன. இவற்றில் வசதி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐம்பது வெள்ளித் தாளை மாற்றும்போது மனத்தில் ஏற்படும் சிறு உறுத்தல் இவற்றில் இல்லை. மிச்சத் தாள்களை எண்ணும் வேலையும் இல்லை. அன்று கடைக்காரரின் மேசையில் இருந்த கணக்குப் புத்தகம் இன்று வாங்குபவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆயினும் அதை விரித்துக் கூட்டிப் பார்க்கும் பிள்ளைதான் வீட்டில் இல்லை.

செலவில்லா நாளினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோர், அதன் தலைவர் தொழிற்சாலையில் பணிபுரிவதாகவும், தலைவி பாலர் பள்ளியில் கற்பிப்பதாகவும், இரு பிள்ளைகள் பள்ளியில் படிப்பதாகவும் வைத்துக்கொள்ளட்டும். தலைவர் காலையில் கடையில் பசியாறுகிறார். இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் சேர்ந்து ஆறு வெள்ளி. பத்து மணிக்கு ஒரு குளிர்பானம் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. மாலையில் வீடு திரும்பும் வழியில் பலகாரம் ஐந்து வெள்ளி. ஆக, நாளொன்றுக்குப் பதின்மூன்று வெள்ளி ஐம்பது காசு. வாரத்தில் இரண்டு நாள் இவற்றைத் தவிர்த்தால் ஆண்டுக்கு 104 நாள்கள். மிச்சம் 1,404 வெள்ளி என்று கணக்கு மகிழ்ச்சியூட்டும்.

ஆனால் நேர்மையான கணக்கு அங்கே நிற்பதில்லை. கடையில் உண்ணாதவர் வீட்டில் உண்ண வேண்டும். வீட்டில் செய்யும் இடியப்பத்துக்கும் தேநீருக்கும் நான்கு வெள்ளி செலவாகும் என்று வைத்தால், நாளொன்றுக்கு உண்மையான மிச்சம் ஒன்பது வெள்ளி ஐம்பது காசுதான். ஆண்டு முடிவில் அது 988 வெள்ளி ஆகும். ஆயிரத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி குறைவு. இத்தொகை ஒரு குடும்பத்தைச் செல்வக் குடும்பமாக்கிவிடாது. ஆனால் பள்ளி தொடங்கும் மாதத்தில் இரு பிள்ளைகளின் சீருடைக்கும் காலணிக்கும் புத்தகப் பைக்கும் எவரிடமும் கை நீட்டாதிருக்க அது போதும். இரவில் மோட்டார் சைக்கிள் பழுதானால், வட்டிக்குக் கொடுப்பவனின் வாசலுக்குப் போகாதிருக்க அது போதும். அவசரத்துக்கு வாங்கிய சில நூறு வெள்ளிக் கடன் ஆலோங் கும்பலின் பிடியில் சில ஆயிரமாகப் பெருகி, குடும்பத்தையே ஊர் மாறச் செய்த செய்திகளை நாளேடுகளில் படித்தவர்களுக்கு, அந்த 988 வெள்ளியின் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. செலவில்லா நாளில் ஒருவர் வாங்க நினைத்து வாங்காமல் விட்ட பொருள்களை ஒரு தாளில் விலையோடு எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அத்தாளை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் சில இன்னும் தேவையாகவே இருக்கும். அவற்றைத் தயக்கமின்றி வாங்கிக்கொள்ளலாம். சில, எதற்காக விரும்பப்பட்டன என்பதே நினைவுக்கு வராது. தேவைக்கும் பழக்கத்துக்கும் உள்ள எல்லைக்கோட்டை எந்த அறிஞரும் பிறருக்காக வரைந்து கொடுக்க இயலாது. ஒருவருக்குத் தேநீர் பழக்கம். இரவு வேலை முடித்து வருபவருக்கு அதுவே தேவை. அவரவர் தாளே அவரவர்க்கு அக்கோட்டைக் காட்டுகிறது. செலவில்லா நாளின் உண்மையான வரவு அந்தத் தாள்தான்.

இம்முறையைக் கைக்கொள்வோர் வழுக்கி விழும் இடங்களும் சில உள. முதலாவது, செலவை ஒழிக்காமல் ஒத்திவைப்பது. புதன்கிழமை எதையும் வாங்குவதில்லை என்று உறுதி பூண்டவர், செவ்வாய்க்கிழமை மாலையிலேயே இரட்டிப்பாக வாங்கி வைத்துக்கொண்டால், நாள்காட்டியில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். பணப்பையிலும் அதே வெறுமை இருக்கும். ஆகவே நாளை மட்டும் கணக்கிடாமல் வாரத்தையும் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, சுமை யார் தலையில் விழுகிறது என்பதை மறப்பது. செலவில்லா நாளன்று கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தே உணவு போக வேண்டும். அதற்காக விடியற்காலை நான்கரை மணிக்கு அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவிதான். அவரும் வேலைக்குப் போகிறவர். அங்ஙனமாயின் அன்று செலவு இல்லாமல் போகவில்லை. கணவரின் பணப்பையிலிருந்து மனைவியின் தூக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. முதல் நாள் இரவே காய் நறுக்கி வைப்பதும், உணவுக் கலங்களைக் கழுவுவதும், தத்தம் கட்டுச்சோற்றைத் தாமே எடுத்து வைப்பதும் வீட்டிலுள்ள அனைவரின் வேலையாக இருந்தால்தான் அச்சிக்கனம் அறத்தோடு கூடியதாகும்.

மூன்றாவது, சிக்கனம் கருமித்தனமாகத் திரிந்துவிடுவது. தமக்குச் செலவில்லா நாள் என்று சொல்லிக்கொண்டு நண்பரின் காசில் தேநீர் அருந்துபவர் எதையும் மிச்சப்படுத்தவில்லை; தம் செலவைப் பிறர் கணக்கில் எழுதுகிறார். வீட்டுக்கு வந்த விருந்தினருக்குத் தண்ணீரை மட்டும் நீட்டுபவரும், துக்க வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் பயணச் செலவை எண்ணித் தங்கிவிடுபவரும் அத்தகையோரே. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அறத்துப்பாலில் தனித்தனி அதிகாரங்களாக அமைந்துள்ளன. உடையவனுக்கும் பிறர்க்கும் பயன்படாத பொருளைப் பற்றி நன்றியில் செல்வம் என்று பொருட்பாலில் ஓர் அதிகாரமே உண்டு. பொருளைக் காப்பதும் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது தமிழ் நூலோர் துணிபு.

நான்காவது, சிறியதைப் பிடித்துப் பெரியதை விட்டுவிடுவது. ஆண்டு முழுவதும் தேநீர்க் காசைச் சேர்த்த குடும்பம், ஒரு திருமண மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் அடைக்க வேண்டிய கடனை வாங்குமானால், அந்தத் தேநீரைக் குடித்தே இருக்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் முதுமொழி தேநீருக்கு மட்டும் உரியதன்று, மணமேடைக்கும் உரியது.

இவ்வறிவுரையைச் சொல்லத் தகாத இடமும் ஒன்று உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்ந்து, மாத இறுதியில் கையில் காசின்மையால் கடைப்பக்கம் போகாதிருப்பவருக்குச் செலவில்லா நாள் ஒரு பயிற்சியன்று. அது அவரது வறுமை. அவரிடம் சிக்கனம் பேசுவது, பட்டினி கிடப்பவரிடம் நோன்பின் பெருமையைப் பேசுவது போன்றது. அவருக்கு வேண்டியது போதிய ஊதியமும் உரிய உதவியும். தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவருக்கே நோன்பு பொருளுடையதாகும்.

ஏழையர் நிலை அன்றி, நடுத்தரக் குடும்பங்களின் நிலையும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. மலேசியாவின் ஊழியர் சேமநிதி 1951 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 ஆம் ஆண்டில். முதுமைக்கென ஊதியத்திலிருந்து முன்பே எடுத்து வைக்கும் அவை, ஒருவகையில் நாடளாவிய பிடியரிசிப் பானைகளே. 2020 முதல் 2022 வரை மலேசிய அரசு சிறப்பு அனுமதிகளை வழங்கியபோது, உறுப்பினர்கள் அந்நிதியிலிருந்து எடுத்த தொகை மொத்தம் 14,500 கோடி வெள்ளி. வேலை இழந்த குடும்பங்களுக்கு அது உயிர்காத்த பணம்; அதை எடுத்தவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கையில் சிறு சேமிப்பு இருந்திருந்தால் முதுமைக் காலத்துச் சோற்றில் கைவைக்க நேர்ந்திராத குடும்பங்களும் அவற்றுள் இருந்திருக்கும். 2024 மே மாதம் முதல், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட உறுப்பினரின் புதிய சந்தாவில் பத்து விழுக்காடு எந்நேரமும் எடுக்கத்தக்க தனிக் கணக்கில் சேர்கிறது. எடுக்கும் வழி எளிதாகும்போது எடுக்காதிருக்கும் மனவுறுதியும் வளர வேண்டியிருக்கிறது.

மிச்சப்படுத்திய பணத்துக்குப் போகுமிடம் ஒன்று வேண்டும். செலவில்லா நாளில் மிஞ்சிய ஒன்பது வெள்ளி அதே பையில் கிடந்தால், அடுத்த நாள் அது பெயரில்லாமலே கரைந்துவிடும். அன்று மாலையே அதை உண்டியலிலோ தனிக் கணக்கிலோ சேர்த்துவிட வேண்டும். அதற்குப் ‘பிள்ளையின் கல்லூரி’, ‘அம்மாவின் கண் சிகிச்சை’ என்று ஒரு பெயரும் இட வேண்டும். பெயரிட்ட பணத்தை எடுக்கக் கை கூசும்.

சிறு தொகைக்குப் பெரிய பெயரிட்ட வரலாறு இம்மண்ணின் தமிழர்களுக்கு உண்டு. 1950-களில் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழின் வாயிலாகக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி நிலைபெற வேண்டும் என்பது அதன் நோக்கம். சிறு ஊதியம் பெற்ற உழைப்பாளிகளும் தம்மால் இயன்ற வெள்ளியை அனுப்பினர். அப்போது சிங்கப்பூரில் இயங்கிய அப்பல்கலைக்கழகத்தில் 1956 ஆம் ஆண்டில் இந்திய இயல் துறை மலர்ந்தது. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத கைகள் சேர்த்த காசு, பிறர் பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நின்றது.

அதே காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை வந்தது. அந்நிலையில் 1960 ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. எந்த மண்ணில் கூலிகளாக நின்றார்களோ அந்த மண்ணில் பங்குதாரர்களாக நிற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. அந்தச் சந்தாவுக்காக எந்தெந்த வீட்டில் எந்தெந்த ஆசை ஒத்திவைக்கப்பட்டது என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. வாங்கப்படாத சேலையும் பார்க்கப்படாத திரைப்படமும் அந்த நிலத்தின் விலையில் கலந்திருக்கும் என்பதை மட்டும் எளிதில் உய்த்துணரலாம்.

இன்றைய பள்ளி மாணவனிடம் இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர், அதனுடன் ஒரு சிறு பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்குத் தன் கைச்செலவை நாள்தோறும் அவன் எழுதட்டும். அடுத்த வாரம் ஒரே ஒரு நாள், பெற்றோருடன் பேசி வைத்துக்கொண்டு, வீட்டு உணவை எடுத்து வரட்டும். பிள்ளை பசித்திருப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது. ஆதலால் உணவு வந்துள்ளதா என்பதை ஆசிரியர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு கொண்டு வர இயலாத பிள்ளையும் அதே வகுப்பில் இருப்பான்; அவன் நாணும்படியாக எவருடைய கணக்கையும் உரக்கப் படிக்கலாகாது. மிஞ்சிய காசு எதற்காக என்பதை மாணவனே முடிவு செய்து, கணக்கின் கடைசி வரியில் எழுதட்டும்.

சிலர் பந்து என்று எழுதுவர். சிலர் அகராதி என்று எழுதுவர். தங்கையின் பிறந்தநாளுக்கு என்று எழுதும் பிள்ளையும் இருப்பான். எதை எழுதினாலும் தவறில்லை. காசு தன்னைவிட்டுப் போகும் வழியைத் தானே தீர்மானித்த முதல் நாள் அவனுக்கு அதுவாக அமையும். பின்னர் அவன் ஊதியம் பெறும் காலத்தில், மாதத்தின் இருபதாம் நாளில் பணம் எங்கே போயிற்று என்று எவரேனும் கேட்டால், அவனிடம் விடை இருக்கும்.